மேட்டுக்குடி

லா பாஸில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும்,
ஆனால் கிழங்கு வேகாது.
தொரிபியா லிமாச்சியிடம் இரண்டு கணக்கு உண்டு.
மேலே எல் ஆல்ட்டோவில், தன் வீட்டில், ஐம்பது நிமிடம்.
கீழே கலகோட்டோவில், சமைக்கப் போகும் வீட்டில்,
அதே கிழங்குக்கு நாற்பது.
நடுவில் எண்ணூறு மீட்டர் பள்ளம்,
மஞ்சள் கம்பித் தடம், பிறகு பச்சை.

மேட்டுக்குடி என்ற சொல்லை
இந்த ஊரில் உள்ளபடியே வாசிக்க வேண்டும்.
மேட்டில் இருப்பவர்கள் இல்லாதவர்கள்.
கனத்த காற்று பள்ளத்தில் போய்த் தேங்கும்,
காசும் அதன் பின்னாலேயே இறங்கிப் போய்
ரோஜாச் செடி வைத்துக்கொண்டது.

காலையில் கண்ணாடிக் கூண்டு
பூசாத செங்கல் வீடுகளின் மேல் ஊர்ந்து போகும்.
வராத மாடிக்காக வானம் பார்த்த கம்பிகள்,
கூரையில் குரைக்கும் நாய், உறைந்து விறைத்த சட்டைகள்.
தடம் மாறும் இடத்தில் ஒரு ஸ்வெட்டரைக் கழற்றுவாள்.
பனைமரம் தெரியும்போது இன்னொன்றை.
திரும்பும்போது மகனுக்கு ஒரு சிப்ஸ் பொட்டலம்.
ஏற ஏற அது உப்பும்,
வீடு சேர்கையில் தலையணை மாதிரி இருக்கும்.
"பணக்காரக் காற்று" என்று
ரிம்பெர் அதைக் குத்தி உடைப்பான்.

அக்கா எவுசேபியாவுக்குப் பீடபூமியில் நிலம்.
ஜூன் இரவுகளில் கிழங்கைப் புல்லில் பரப்பி
பனிக்குக் கொடுப்பாள், பகலில் மிதிப்பாள்.
கூழாங்கல்லாகக் கறுத்த அது
பஞ்சம் வந்து போன பிறகும் கெடாது.
மைத்துனன் ஃபோர்த்துனாத்தோவுக்குக் கணவாய் தாண்டி
பாசி பிடித்த சரிவில் ஆரஞ்சுத் தோட்டம்,
மலையோடு ஒரு கயிறு கட்டிக்கொண்டுதான் களை எடுப்பான்.
ஒரே குடும்பம். துண்டு துண்டாக நிலம்,
ஒன்றின் தலைமேல் ஒன்று.
எவ்வளவு தூரம் என்று இங்கே யாரும் கேட்பதில்லை,
எத்தனை கம்பளி என்றுதான் கேட்பார்கள்.

ஆகஸ்டில் டீசல் தீர்ந்தது.
மேட்டுக்காரர்கள் சாலைகளில் கல் அடுக்கினார்கள்.
கிண்ணத்தின் விளிம்பில் நிற்பவர்களுக்குக்
கிண்ணத்தை மூடுவது பெரிய வேலையில்லை.
ஒன்பதாம் நாள் கலகோட்டோவில் முட்டை இல்லை, கேஸ் இல்லை.
க்ளெமென்சியா உரியோஸ்தே அம்மாளிடம்
மத்ரீத் போகும் டிக்கெட் மட்டும் இருந்தது,
விமான நிலையமோ மேலே.
இந்த நாட்டை விட்டுப் பறப்பதற்கும் முதலில்
தொரிபியாவின் பேட்டைக்கு ஏறியாக வேண்டும்.

கூண்டில் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.
உச்சியில் உதடு நீலம் பாரித்து
நிலையத்தின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.
வண்டியே இல்லாத அகலமான சாலை.
கல்வரிசைக்குப் பின்னால் ஃபோர்த்துனாத்தோ,
கையில் ஆரஞ்சுத் தோலின் மணம்.
முதலில் பெட்டியைப் பார்த்தான், பிறகு அண்ணியை.
"நடந்தால் போகலாம்" என்றான்.
தொரிபியா பெட்டியை வண்ணத் துணியில் சுற்றி
முதுகில் முடிந்துகொண்டாள்.
"நீங்கள் எல்லாம் இங்கே எப்படி..." என்று
அம்மாள் தொடங்கினார்.
"நடக்கும்போது பேசாதீர்கள், அம்மா.
மூச்சு போதாது."
பதினோரு வருடத்தில்
அவள் சொல்லி அவர் கேட்டது அது ஒன்றுதான்.

காற்று மெலிந்த இடத்தில்
விமானமும் நெடுந்தூரம் ஓடித்தான் எழ வேண்டும்.
ஓடியது, ஓடியது,
செங்கல் வீடுகளின் கடைசி வரிசை வந்துவிட்டதே என்று
தொரிபியா வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.
பிறகு எழுந்து, மலையைச் சுற்றிக்கொண்டு போனது.

கீழ் வீட்டுச் சாவிக்கொத்து
அவள் பாவாடை மடிப்பில் கனத்தது.
ரோஜாவுக்குத் தண்ணீர் விட வேண்டும்.
நாளை பார்க்கலாம்.
ரிம்பெர் பசியோடு இருப்பான்.
கிழங்கு இருக்கிறது, ஐம்பது நிமிடம்.